அந்தக் கட்டத்தில் என்ன எழுத

2023 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நொச்சிக்குப்பத்தில் அம்மா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, காலையிலிருந்து படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பம். மாதம் 1,000 ரூபாய். மீன் விற்று முடித்த பெண்கள், கை கழுவியும் போகாத கவுச்சியோடு, ரேஷன் கார்டையும் ஆதாரையும் பாலிதீன் பையில் சுருட்டிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். குப்பத்தில் எனக்கு டாக்டர் என்று பெயர். தமிழில் முனைவர் பட்டம் வாங்கிய நாளிலிருந்து அந்தப் பெயர். மூட்டுவலிக்கு மாத்திரை கேட்டு ஏமாந்தவர்கள், இவளுக்கு மனு எழுதத்தான் தெரியும் என்று கண்டுகொண்டார்கள்.

மதியத்துக்கு மேல் அவள் வந்தாள். நானும் அவளும் மாநகராட்சிப் பள்ளியில் எட்டாவது வரை ஒரே வகுப்பு. அங்காடியில் மீன் ஆய்ந்து கொடுப்பது அவள் வேலை. நெத்திலியைக்கூட நொடியில் தலை கிள்ளிப் போடுவாள். அம்மாவின் ரேஷன் கார்டை என் மடியில் வைத்தாள்.

"அம்மாவுக்கு ஓஏபி வருது. அப்டி வந்தாலும், வூட்ல வேற பொம்பள இருந்தா எழுதலாமாம். இப்பதான் சொல்லிக்கீறாங்க. எழுது."

உண்மைதான். முதியோர் ஓய்வூதியம் பெறுபவர் இருக்கும் வீட்டிலும், தகுதியுள்ள வேறு பெண்கள் விண்ணப்பிக்கலாம் என்று அந்த வாரம்தான் அரசு தளர்த்தியிருந்தது. கார்டைப் பார்த்தேன். குடும்பத் தலைவர் இடத்தில் அவள் அம்மா பெயர். அடுத்த வரியில் பள்ளிக்கூடத்தில் நான் கூப்பிட்ட பழைய பெயர். உறவுமுறை: மகன்.

"கார்டுல மகன்னு இருக்கே."

"அதான் உன்னாண்ட வந்தேன். ஆம்பள பொம்பள பத்தி எழுதித்தானே நீ டாக்டரு ஆன?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேனா மட்டும் நகரவில்லை.

அந்தத் திட்டத்தின் விதியில் திருநங்கைக்கு இடம் இருந்தது. திருநங்கை தலைமையில் இருக்கும் குடும்பம், மகளிர் தலைமையில் உள்ள குடும்பமாகவே கருதப்படும் என்று அதில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். இந்தியாவில் எத்தனை மாநிலங்கள் ஒரு பணத் திட்டத்தின் விதியில் இப்படி எழுதும்? ஆனால் இவள் தலைவி இல்லை. தலைவி அவள் அம்மா. தலைவியாக இல்லாமல், ஒரு வீட்டில் மகளாக மட்டும் இருக்கிற திருநங்கை, 'வேறு பெண்' என்ற சொல்லுக்குள் வருவாளா? நான் படித்த விதிகளில் அதற்குப் பதில் இல்லை. கார்டோ அவளை மகளாகவும் காட்டவில்லை.

"முதல்ல கார்ட மாத்தணும்" என்றேன்.

"அத்த மாத்த ஆதார மாத்தணும். ஆதார மாத்த இன்னொண்ணு. அப்புறம் அத்த மாத்த?" என்று கேட்டுவிட்டு, எனக்குப் பதில் தெரியாது என்று புரிந்ததும் கார்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று அவள் படிவம் மட்டும் எழுதப்படவில்லை.

*

ஆண், பெண் பற்றி எழுதித்தான் பட்டம் வாங்கினேன் என்று அவள் சொன்னது விளையாட்டுக்கு அல்ல. என் ஆய்வு இலக்கண உரைகளில் பால் பகுப்பு பற்றியது.

தமிழில் பால் என்ற சொல்லுக்குப் பகுப்பு என்று பொருள். ஊழ் என்றும் ஒரு பொருள் உண்டு. உயர்திணையை ஆண், பெண், பலர் என்று மூன்றாகப் பகுத்த தொல்காப்பியர், அந்தப் பகுப்பை முடித்த கையோடு அதில் எளிதாக அடங்காத ஒருவரைச் சந்திக்கிறார். பேடியைக் குறிக்கும் பெயருக்கும் தெய்வத்தைக் குறிக்கும் பெயருக்கும் தமக்கென்று தனி ஈறு இல்லை, உயர்திணையின் ஈறுகளையே அவை ஏற்கும் என்கிறார். தெய்வத்தோடு சேர்த்துச் சொன்னதை நினைத்து மகிழ்ச்சி அடையலாம். தனக்கென்று ஒரு முடிவு இல்லாதவர்கள் என்று சொன்னதை நினைத்து வருந்தவும் செய்யலாம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி இன்னும் ஒரு படி போகிறார். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புகிறவர் ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புகிறவர் பெண்பால். உடலில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. எதை விட்டாய், எதை விரும்புகிறாய் என்று கேட்கிறார். இவ்வளவு தெளிவாகச் சொன்னவர், அதே நூற்பாவை முடிப்பதற்குள் இருவரையும் அஃறிணை போலவும் சொல்லலாம் என்று ஒரு வழியைத் திறந்துவிடுகிறார். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொள்கிறார்.

இந்த நூற்பாவுக்கு என் ஆய்வேட்டில் பல பக்கங்கள் ஒதுக்கினேன். உரையாசிரியர்களை ஒப்பிட்டேன், பாடவேறுபாடு பார்த்தேன். வாய்மொழித் தேர்வில் பாராட்டும் கிடைத்தது. அத்தனை பக்கங்களிலும், கடற்கரை மணலில் என்னோடு சில்லு விளையாடியவள் ஒரு முறைகூட என் நினைவுக்கு வரவில்லை. பேடு என்பது எனக்கு ஓலைச்சுவடியில் இருந்த ஒரு சொல். பதினாறு வயதில் இதே தெருவில் பெண்கள் கூடி நின்று ஏச, சகோதரன் அடிக்க, மாற்றுத்துணிகூட இல்லாமல் ஓடிப்போனவள் வேறு யாரோ.

இலக்கணம்தான் நமக்கு முதல் சட்டம் என்று இப்போது தோன்றுகிறது. அது ஈறுகளை ஒதுக்கியது. பின்னால் வந்த சட்டங்கள் கட்டங்களை ஒதுக்கின. 1871-ல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தில் 'யூனக்' என்று அவர்கள் அழைத்தவர்களுக்குத் தனிப் பகுதி இருந்தது. பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும். பெண் உடையில் பொது இடத்தில் தோன்றினால் தண்டனை. பதிவு செய்யப்பட்டவர் உயில் எழுத முடியாது, தத்து எடுக்க முடியாது. அங்கே கட்டம் என்பது சிறைக் கம்பி.

தமிழ்நாட்டில் கட்டம் வேறு பொருளில் வந்தது. 2008 ஏப்ரல் 15 அன்று அரவாணிகள் நல வாரியம் அமைந்தது. இந்தியாவில் அதுதான் முதல். அடையாள அட்டை, ரேஷன் கார்டு, வீட்டுமனை, தையல் இயந்திரம் என்று பேச்சு தொடங்கியது. அந்தச் செய்தி கேட்டுத்தான் அவள் மும்பையிலிருந்து திரும்பினாள். ஜமாத்தில் இருந்தவர்கள் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, உங்க ஊர்ல உங்களுக்கு அட்டை கொடுக்கிறாங்களாமே என்றார்களாம். ஆறுமாதம் யோசித்து, ஒரு நாள் விடியலில் வந்து அம்மாவின் அன்னக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "சாப்டியா" என்று மட்டும் கேட்டதாகச் சொல்வார்கள்.

2014-ல் அதே ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலினமா என்பதை அவரவரே முடிவு செய்யலாம், அதற்கு அறுவைச் சிகிச்சையைக் கட்டாயமாக்குவது சட்டவிரோதம் என்றது. குப்பத்துக்கு ஏப்ரல் 15 வேறு காரணத்துக்காக நினைவில் இருக்கும் நாள். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் அன்றுதான் தொடங்குகிறது. காசிமேட்டு விசைப்படகுகள் கரையில் நிற்கும். எங்கள் ஃபைபர் படகுகள் போய்வரலாம். அதனால் லூப் ரோட்டில் அன்றைக்கு மீன் விலை ஏறும், கூட்டம் நெரியும். அவளுக்கு விடுதலை கிடைத்த நாளில் அவள் நிமிரக்கூட நேரமில்லாமல் சங்கரா ஆய்ந்துகொண்டிருந்தாள். சாயங்காலம் நான்தான் தொலைபேசியில் சொன்னேன். "அப்டியா? நம்மளே சொன்னா போதுமா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

போதும் என்றேன். அப்படி உறுதியாகச் சொன்னவள்தான் நான்.

*

இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

2017-ல் நகரத்து மகளிர் கல்லூரி ஒன்றின் சேர்க்கைக் குழுவில் இருந்தேன். இளங்கலைத் தமிழுக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. மதிப்பெண் நன்றாக இருந்தது. சான்றிதழில் ஆண் பெயர். நேரில் வந்தவள், எண்ணெய் வைத்து வாரிய தலையும் இரவல் சுடிதாருமாக நின்றாள். இது மகளிர் கல்லூரி ஆயிற்றே என்று ஒருவர் தயங்கினார். விடுதி, கழிப்பறை, பெற்றோர் என்ன சொல்வார்கள் என்று இன்னொருவர் அடுக்கினார். கெட்ட மனம் படைத்தவர்கள் இல்லை. கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாலினம் பற்றிப் படித்தவள் நான்தானே.

நான் நடுவழி ஒன்று கண்டுபிடித்தேன். அவளிடம் மிகவும் அன்பாகச் சொன்னேன்: "பெண் என்று ஒரு சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டு வாம்மா. நாங்கள் உடனே சேர்த்துக்கொள்கிறோம்."

அவள் கொஞ்சநேரம் தரையைப் பார்த்தாள். "அதுக்கு ஆபரேஷன் சர்டிபிகேட் கேப்பாங்க மேடம். எனக்குப் பதினேழு வயசுதான் ஆகுது."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அடுத்த ஆண்டு வாயேன் என்றேன். கோப்பை வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த ஆண்டு வரவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பே உச்ச நீதிமன்றம் எழுதிவிட்டது. என் தோழியிடம் அதை நானே தொலைபேசியில் சொல்லியிருந்தேன். ஆனால் குழுவின் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்ததும், என் கை தானாக ஒரு தாளைக் கேட்டது.

2019-ல் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, 2020 ஜனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அதை வரிவரியாகப் படித்தபோதுதான் என்னை அதில் பார்த்தேன். நான்காம் பிரிவு, தானே உணரும் பாலின அடையாளத்துக்கு உரிமை உண்டு என்றது. ஐந்தும் ஆறும் அதற்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்துச் சான்றிதழ் பெறச் சொல்லின. அந்தச் சான்றிதழில் 'திருநர்' என்றுதான் இருக்கும். அதற்கு அப்போது மருத்துவப் பரிசோதனை தேவைப்படவில்லை. ஆனால் 'பெண்' என்றோ 'ஆண்' என்றோ இருக்க வேண்டுமென்றால் ஏழாம் பிரிவுக்குப் போக வேண்டியிருந்தது. அறுவைச் சிகிச்சை, அது நடந்ததற்கு மருத்துவ நிறுவனத்தின் சான்று, பிறகு மறுபடியும் ஆட்சியர். ஆண், பெண், மூன்றாம் பாலினம் மூன்றையும் தீர்ப்பு அவர் கையில் கொடுத்தது. சட்டம் ஒன்றை மட்டும் அவர் கையில் விட்டு, மற்ற இரண்டையும் மருத்துவமனையில் வைத்துப் பூட்டியது.

நாடாளுமன்றத்துக்கு இரண்டு ஆண்டு முன்பே அந்த ஏழாம் பிரிவை நான் இயற்றிவிட்டேன். மிகவும் அன்பான குரலில்.

*

2025 ஏப்ரல் 16 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அந்த நாட்டின் 2010 சமத்துவச் சட்டத்தில் பெண் என்ற சொல் பிறப்பின்போதான உயிரியல் பாலினத்தையே குறிக்கும் என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். கல்லூரி திறந்ததும் முதுகலை வகுப்பில் அதுவே பேச்சு. வகுப்பு இரண்டாகப் பிரிந்து நின்றது. இணையத்தில் பார்த்த ஆங்கிலச் சொற்களால் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டார்கள். ஒரு மாணவி எழுந்து, "மேம், நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

பக்கம் சொல்வதற்கு முன்னால் அந்தச் சண்டை எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம் என்றேன்.

அங்கே 2004-லிருந்து பாலின அங்கீகாரச் சட்டம் இருக்கிறது. மருத்துவர் சான்றும், இரண்டு ஆண்டு அந்தப் பாலினத்தில் வாழ்ந்ததற்கான ஆதாரமும் கொடுத்தால் ஒரு குழு சான்றிதழ் தரும். அறுவைச் சிகிச்சை கட்டாயமில்லை. 2010 சமத்துவச் சட்டமோ பாலினம், பாலின மாற்றம் இரண்டையும் தனித்தனிப் பாதுகாப்புகளாக வைத்தது. பெண்களுக்கு மட்டுமான இடங்களுக்கு விதிவிலக்கும் கொடுத்தது. இரண்டு சட்டங்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு கேள்வி காத்திருந்தது: சான்றிதழ் வாங்கியவர் எந்தச் சொல்லுக்குள் வருவார்? ஸ்காட்லாந்து 2018-ல் பொது வாரியங்களில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஒரு சட்டம் செய்தபோது அது நீதிமன்றத்துக்குப் போனது. ஆகவே அங்கே விவாதம் கழிப்பறை, சிறை, அடைக்கல இல்லம், வரையறை என்று சுழல்கிறது. ஆண்களின் வன்முறைக்குத் தப்பி அடைக்கல இல்லத்துக்கு வந்த பெண்ணின் பயம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பயம் எந்தத் திசையில் கேள்வி கேட்க வேண்டும் என்பதைச் சட்டத்தின் அமைப்புத்தான் காட்டிக்கொடுத்தது.

பாகிஸ்தானில் 2018 சட்டம் சுய அடையாளத்தை ஏற்றது. 2023-ல் அங்குள்ள கூட்டாட்சி ஷரியத் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை மார்க்கத்துக்கு மாறானவை என்றது. ஆகவே அங்கே விவாதம் மார்க்கத்தின் மொழியில் நடக்கிறது. அர்ஜென்டினா 2012-லேயே மருத்துவரும் வேண்டாம், நீதிபதியும் வேண்டாம் என்று சட்டம் செய்தது. அங்கே பேச்சு அடுத்ததற்கு, வேலைக்கு நகர்ந்தது.

நம் ஊரில்? பிரித்திகா யாஷினியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கான விண்ணப்பத்தில் ஆண், பெண் என்று இரண்டே கட்டங்கள். அதனால் அவர் விண்ணப்பம் தள்ளப்பட்டது. 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இங்கே சண்டை வேலைக்காக. 2019 ஏப்ரலில் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றது. தூத்துக்குடிக் கோயிலில் நடந்த கல்யாணத்தைப் பதிவு செய்ய மறுத்ததால் வந்த வழக்கு அது. பெண் என்றால் யார் என்ற அதே கேள்விதான். ஆனால் இங்கே கதவைச் சாத்துவதற்காக அது கேட்கப்படவில்லை.

சாதி இல்லாமல் இங்கே எதுவும் முடியாது. 2015-ல் தமிழ்நாடு அரசு திருநங்கையரை மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. திருநங்கை என்பதை ஒரு சாதியைப் போல் ஆக்கிய ஆணை அது. எங்கள் மீனவச் சமூகம் ஏற்கெனவே அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. ஆகவே என் தோழிக்கு அந்த ஆணையால் புதிதாக ஒரு பிடி மண்ணும் கிடைக்கவில்லை. பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கைக்கோ, நீ தலித்தா திருநங்கையா, ஒன்றைச் சொல் என்பதுபோல் ஆயிற்று. கிரேஸ் பானு போன்ற தலித் திருநங்கைச் செயற்பாட்டாளர்கள், ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் இடம் தரும் கிடைமட்ட இடஒதுக்கீட்டைக் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள். கர்நாடகம் 2021-ல் ஒரு சதவீதம் கொடுத்தது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் 2015 ஆணையை ரத்து செய்தது. லண்டனில் நடக்கும் விவாதத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அதை அப்படியே எடுத்து வந்து இங்கே விரித்தால், நம் சண்டை எது என்று நமக்கே மறந்துவிடும்.

"அப்ப உயிரியல் பாலினம்னு ஒண்ணு இல்லையா மேம்?" என்று இன்னொருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு சாந்தி சௌந்தரராஜன் பெயரைச் சொன்னேன். வகுப்பில் பாதிப்பேருக்கு அந்தப் பெயரே தெரியவில்லை.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார். பிறகு பாலினச் சோதனை. பதக்கம் பறிபோனது. சோதனையில் என்ன வந்தது என்பது அவருக்குச் சரியாக விளக்கப்படுவதற்கு முன்பே தொலைக்காட்சிக்குத் தெரிந்துவிட்டது. அவர் திருநங்கை இல்லை. பெண்ணாகப் பிறந்தார், பெண்ணாக வளர்ந்தார், பெண்ணாக ஓடினார். உடலின் உண்மையை அறிவியலால் அளந்து பெண்களைக் காப்பாற்றுகிறோம் என்று ஒரு நிறுவனம் கிளம்பும்போது, முதலில் அகப்படுவது இப்படி ஒரு கூலிக்காரர் மகள். தற்கொலை வரை போய், மீண்டு, மறுபடி சூளைக்கே கூலிக்குப் போய், பின்னர் பயிற்சியாளராக எழுந்து நின்றார் அவர். 2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தடகள அமைப்பு, பெண்கள் பிரிவில் ஓடும் ஒவ்வொருவருக்கும் வாழ்நாளில் ஒருமுறை மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இன்னும் எத்தனை கத்தக்குறிச்சிகள் இருக்கின்றன என்று நமக்குத் தெரியாது.

இதற்கு மாறான பாதையும் இதே மாநிலத்தில் உண்டு. மதுரைக் கிளையின் அதே 2019 தீர்ப்பு, ஊடுபால் குழந்தைகளை ஆணாகவோ பெண்ணாகவோ 'திருத்தும்' அறுவைச் சிகிச்சைக்குத் தடை விதிக்கச் சொன்னது. ஆகஸ்டில் அரசாணை வந்தது. உயிருக்கு ஆபத்து இருந்தால் ஒழிய, பேசத் தெரியாத குழந்தையின் உடலில் கட்டத்துக்கு ஏற்றபடி கத்தி வைக்கக் கூடாது.

*

அன்றைய வகுப்பில் கழிப்பறைப் பேச்சும் வந்தது. அதற்கு என்னிடம் இருந்த பதில் தீர்ப்பில் இல்லை. குப்பத்தில் இருந்தது.

அடுக்குமாடி வீடுகள் வருவதற்கு முன்பு பெண்கள் விடிவதற்குள் கடற்கரைக்குப் போய் வர வேண்டும். தனியாகப் போனால் ஆபத்து. ஐந்தாறு பேராகப் போவோம். எட்டு ஒன்பது வயதில் அவளும் எங்களோடுதான் வருவாள், பையன்களோடு போக மாட்டாள். யாராவது ஆண் நிழல் தெரிந்தால் முதலில் கூவுகிறவள் அவள்தான். மும்பையிலிருந்து திரும்பியபின் பொதுக் கழிப்பறையில் அவள் எந்தப் பக்கம் போவது என்று கேள்வி வந்தது. இளம்பெண்கள் முணுமுணுத்தார்கள். மீன் விற்கும் கிழவி ஒருத்தி, "எங்கூட வா, எவ இன்னா சொல்றானு பாக்கலாம்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். அதோடு பேச்சு அடங்கியது.

இதைச் சொல்லி எங்கள் குப்பத்தைப் புனிதமாக்க மாட்டேன். பதினாறு வயதில் அவளை ஏசிய கூட்டத்தில் அதே கிழவியும் இருந்தாள். ஒன்பது என்ற எண்ணைச் சொல்லி அவளைக் கூப்பிட்டவர்களில் இன்று கார்டு காட்டி நியாயம் பேசுகிறவர்களும் உண்டு. கிழவியை மாற்றியது எது? நல வாரியமா, அட்டையா, வயதா, பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்த அத்தனை ஆண்டுகளா? பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சட்டம் வந்ததால் மனம் மாறிற்று என்பதும் முழு உண்மையில்லை. மனம் மாறினால் சட்டம் தேவையில்லை என்பது முழுப் பொய். அவளை யாராவது பலாத்காரம் செய்தால், 2019 சட்டப்படி தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு. எனக்கு நடந்தால் குறைந்தது பத்து ஆண்டு. கிழவியின் கை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்தாலும் அந்த எட்டு ஆண்டு இடைவெளியை மூட முடியாது.

வேறொன்றும் அந்தக் கிழவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2023 ஏப்ரலில் லூப் ரோட்டுக் கடைகளை ஆக்கிரமிப்பு என்று அகற்ற வந்தபோது, சாலையில் குறுக்கே உட்கார்ந்தவர்கள் இந்தப் பெண்கள். கடலுக்குப் போகிறவன்தான் மீனவன், கரையில் கூறு போடுகிறவள் மீனவனின் மனைவி என்று எழுதியே பழகிய தாள்களோடு ஆயுள் முழுக்க மல்லுக்கு நின்றவர்கள். கட்டத்துக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 ஆகஸ்டில் புதிய மீன் அங்காடி திறந்தது. அத்தைக்கும் ஒரு கடை கிடைத்தது. கடை அத்தை பெயரில். அத்தைக்குப் பின் மகன் என்று கார்டில் இருக்கிறவள் அதில் எந்தப் பெயரில் உட்காருவாள் என்பதுதான் இப்போது அவள் கவலை.

*

நான் இதை எழுதும் 2025 இறுதியில், அவளுடைய ஆதாரில் பாலினம் திருநங்கை என்று மாறிவிட்டது. பெயரும் மாறிவிட்டது. இரண்டு ஆண்டு அலைந்தாள். பாதி நாள்கள் நானும் கூடப் போனேன். ரேஷன் கார்டு இன்னும் மிச்சம். பெண் என்று எழுதிக்கொள்ளலாமே, உனக்குத்தான் ஆபரேஷன் ஆகிவிட்டதே என்று ஒரு நாள் கேட்டேன். "அவங்க கேட்டதுக்கு இன்னாத்துக்கு நான் அவுத்துக் காட்டணும்? எங்கம்மாவே கேக்கல" என்றாள். அத்தை கோபத்தில் இருந்தால் இன்னும் "எங்க போய்த் தொலைஞ்சான்" என்பாள். சாப்பாடு எடுத்து வைக்கும்போது "வந்துட்டாளா" என்பாள். ஒரே வாயில் இரண்டு ஈறும் வரும். அதை அவள் திருத்துவதில்லை.

சென்ற மாதம் கல்லூரியில் அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பப் படிவத்தின் மாதிரி என் பார்வைக்கு வந்தது. பாலினம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. ஆண். பெண். மற்றவை. முன்னேற்றம்தான் என்று கையெழுத்துப் போட எடுத்தேன். பக்கத்தில் நின்ற ஆய்வு மாணவி எட்டிப் பார்த்துவிட்டு, "மேம், மற்றவை அஃறிணைப் பன்மை இல்லையா?" என்றாள்.

நன்னூலை அவளுக்கு நடத்தியவள் நான். எண்ணூறு ஆண்டுக்கு முன் பவணந்தி திறந்துவிட்ட வழியாகவே நடந்து வந்து எங்கள் படிவம் நின்றிருக்கிறது. என் கண்ணில் படவில்லை.

'மற்றவை'யை அடித்துவிட்டு 'திருநர்' என்று எழுதினேன். கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன்: விண்ணப்பதாரர் குறிப்பிடுவதே ஏற்கப்படும், சான்றிதழ் கோரப்படாது. மாதிரி முதல்வர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. முதல் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவது வரியைப் பற்றிக் குழு கூடிப் பேச வேண்டுமாம். தை மாதம் கூட்டம். அதில் நானும் ஓர் உறுப்பினர்.

2017-ல் கோப்பை வாங்கிக்கொண்டு போன பெண்ணுக்கு இப்போது இருபத்தைந்து வயது இருக்கும்.